மைக்காரன் வாய் மூடிய மாசி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் நான் பேசக் கூடாது.

"ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்" என்று பெரியாஸ்பத்திரித் தொண்டை டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் மகள் வயசுதான் இருக்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "மூடுங்க!" என்று ஒரு அதட்டல். ஐம்பத்திரண்டு வயதில் இதுவரை யாரும் என் வாயை மூட வைத்ததில்லை. இந்தப் பிள்ளை ஜெயித்துவிட்டது.

அதனால்தான் இந்த டைரி. ஜவுளிக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்தது. பஞ்சவர்ணம் இதில் கோலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாலு பக்கம் கோலம், ஐந்தாவது பக்கம் நான். "பேசாட்டி உங்களுக்கு வயிறு வெடிச்சுரும். இதுல கொட்டுங்க" என்று கொடுத்தாள். நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் போனவன். எழுத்து கோழி கிண்டினது போலத்தான் இருக்கும்.

என் பெயர் சோணைமுத்து. வைகைக்கு வடகரையில் எங்கள் வார்டுக்கு வாய் நான்தான். காதர் பாயின் ஆட்டோவில் தலைக்கு மேல் ரெண்டு குழாய், உள்ளே மைக்கோடு நான். நாளைக்குத் தண்ணீர் வராது, ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து, சமுதாயக் கூடத்தில் கண் பரிசோதனை, பச்சைச் சட்டை போட்ட பிள்ளையைக் காணோம், இன்னார் வீட்டில் துக்கம் என்று எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாளும் மேடையில் மைக் என் கையில்தான். மாப்பிள்ளை, மாமன், கவுன்சிலர் என்று பார்க்காமல் எல்லாரையும் கிண்டலும் லந்தும் பண்ணுவேன். அதற்காகவே கூட்டம் வரும்.

தீபாவளியில் இருந்து தொண்டை கரகரப்பு. இன்றைக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் வருகிற இடத்தில் ஒரு கட்டி. ஆபரேசன் செய்து எடுத்து, அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று டெஸ்ட்டுக்கு அனுப்புவார்களாம். நான் சீட்டில் எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பங்குனிப் பொங்கலுக்கு மைக் பிடிக்கலாமா?" டாக்டரம்மா படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "மொதல்ல டெஸ்ட் வரட்டும்மா" என்றார்.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் போனது தெரியாமல் தாண்டிப் போய் இறங்கினோம். பராக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில் ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுந்ததும் மறந்துபோய் "காப்பி" என்றேன். பஞ்சவர்ணம் உதட்டில் விரலை வைத்தாள். காப்பியும் தரவில்லை. தண்டனையாம்.

பிப்ரவரி 6, வியாழன்

கழுத்தில் சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். இத்தனை வருசமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கனியம்மா மதினி, இட்லிக் கடை வைத்திருப்பது, கரண்டியோடு வெளியே வந்து நின்றது.

"ஆத்தாடி, தெருவே குளுகுளுன்னு இருக்கே! கொழுந்தனாரே, இப்பிடியே இருந்துருங்களேன்."

நான் சிலேட்டை எடுத்து, "கட்டியை உடைக்க உங்க இட்லி ஒண்ணை விட்டெறிஞ்சா போதுமாம்" என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் மதினி உள்ளே போய்விட்டது. லந்துக்கு நேரம்தான் முக்கியம். சாக்பீஸ் தேய்வதற்குள் ஆறிப்போய்விடுகிறது. அந்தச் சிலேட்டைப் பொழுதுக்கும் அழிக்காமல் வைத்திருந்து, சாயங்காலம் மதினி வந்ததும் காட்டினேன். சிரித்தது. பரவாயில்லை.

திருப்பூரில் இருந்து மகள் சித்ரா போன் பண்ணினாள். போனில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், ரெண்டு தட்டினால் இல்லை என்று அவளே ஏற்பாடு பண்ணினாள். "சாப்ட்டீங்களாப்பா?" ஒரு தட்டு. "பயமா இருக்காப்பா?" ரெண்டு தட்டு. "நெசமாவா?" என்று கேட்டாள். எனக்குக் கை வலித்தது. போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வியாழக்கிழமை ராத்திரி காதர் பாய் ஒரு யோசனையோடு வந்தார். "மாப்ள, ஒன் குரல் என் போன்ல நெறையக் கெடக்கு. நீ வாய மூடிக்கிட்டு வீட்ல இரு. ஒன் குரல் மட்டும் வேலைக்கு வரட்டும்."

எனக்குச் சந்தோசம்தான். முந்தாநாள் நான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது என் குரலே தெருவில் வந்தது. நல்ல குரல். கணீரென்று இருந்தது. இத்தனை வருசத்தில் நான் அதை வெளியில் இருந்து கேட்டதே இல்லை. ஆட்டோ பூசாரித் தெரு திரும்பி, சத்தம் தேயும் வரைக்கும் கஞ்சியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம்தான் கூத்து. சமுதாயக் கூடத்தில் குறை தீர்க்கும் முகாம் என்று போடுவதற்குப் பதிலாக, பாய் போன வருசக் கோடையில் நான் பேசினதைப் போட்டுவிட்டார். "குழாய் பழுது காரணமாக ரெண்டு நாளைக்குக் குடிநீர் வராது. பொதுமக்கள் தேவையான அளவு பிடித்து வைத்துக்கொள்ளும்படி..." வார்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கல்யாண அண்டாவை எல்லாம் பரணில் இருந்து இறக்கினார்கள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட ஜோராகத் தண்ணீர் வந்து, பிடிக்கப் பாத்திரம் இல்லாமல் தெருவில் ஓடியது. முகாமில் அதிகாரிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"வாயத் தெறக்காமயே பொய் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றது மதினி.

காதர் பாய் இரண்டு நாளாக எங்கள் தெருப் பக்கம் ஆட்டோவை விடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கிணத்துச் சந்து சைக்கிள் கடை அழகுமலை அண்ணன் விடியற்காலையில் தவறிவிட்டார். அவருடைய மகன் நேராக என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, எங்கப்பாவுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று ஆரம்பித்தவன், கழுத்தில் சிலேட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

காதர் பாய் வந்தார். போனில் தேடினால் வேறு வேறு ஆட்கள் சாவுதான் இருக்கிறது, அழகுமலைக்கு இல்லை. பாயே மைக்கைப் பிடித்து "அன்... அன்பார்ந்த..." என்று ரெண்டு தடவை இருமினார். "முடியல மாப்ள. எனக்கு ஹேண்டில்பார்தான் வரும்."

டீ கொண்டுவந்த பஞ்சவர்ணம் டம்ளரை என் கையில் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "அண்ணே, வண்டிய எடுங்க. பாவம், நம்ம சனத்துக்குச் சேதி தெரியணும்ல."

நானும் ஏறிக்கொண்டேன். தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் சொன்னால் "அன்னார் அகால மரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று இழுப்பேன். இவள் பக்கத்து வீட்டில் சொல்வது போலச் சொன்னாள். "நம்ம சைக்கிள் கடை அழகுமலை அண்ணே இன்னைக்கு விடிகாலையில தவறிட்டாக. நம்ம எல்லாரும் சைக்கிள் பழகுனது அவுக வாடகை சைக்கிள்லதான். விழுந்து எந்திரிச்சு வந்தா வையாம, முட்டிக்குத் தேங்காண்ணெய் தடவி விடுவாக. மத்தியானம் மூணு மணிக்கு எடுக்குறாக. வேலைக்குப் போறவுக சொல்லிட்டு வந்துருங்க." டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. துக்கம் நடந்த தெருவுக்குள் நுழையும்போது மைக்கை அணைத்துவிட வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மைக் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வண்டி சத்தமில்லாமல் மெதுவாகக் கடந்துபோய், அடுத்த தெருவில்தான் மறுபடி பேச வேண்டும். கிணத்துச் சந்து திரும்பும்போது இவளுக்கு அது தெரியாதே என்று தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். அதற்கு முன்னாலேயே மைக்கை அணைத்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதிக் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று.

"இத்தன வருசமாக் கேக்குறேன், தெரியாதா? ஒங்க சத்தம் எந்தத் தெருவுல நிக்குதோ அங்கதான் எழவுன்னு அடுப்படியில இருந்தே கண்டுக்கிருவேன். மறுபடி ஒங்க சத்தம் வர்ற வரைக்கும் எனக்குக் கை ஓடாது."

நான் தெருவில் பேசிக்கொண்டு போகும்போதெல்லாம் இவள் உள்ளே மிக்சி போட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இப்போது காதர் பாய் ஆட்டோவில் நிரந்தரமாக இவள்தான். கவுன்சிலர் ஆபீசில் எழுதிக் கொடுப்பதை அப்படியே படிப்பதில்லை. "ரேசன் கடையில ஒரு வாரம் கைரேகை பதியணுமாம். நடக்க முடியாதவுக வீட்டுக்கு அவுகளே வருவாகளாம், பேரு குடுத்து வைங்க" என்று படித்துவிட்டு, "தறிக்காரத் தெரு மொக்கம்மாக்கா பேர நான் குடுத்துட்டேன், கவலப்படாதீங்க" என்று சேர்க்கிறாள். பூசாரித் தெரு முக்கில் விளக்கு எரியவில்லை. மாநகராட்சியில் சொல்லியிருக்கிறது, வருவார்கள். அதுவரைக்கும் முக்கு வீட்டுக்காரர் வாசல் லைட்டைப் போட்டு வைத்தால் டியூசன் போய் வருகிற பிள்ளைகளுக்கு வசதி என்றாள். முக்கு வீட்டுக்காரர் கஞ்சப் பிரபு. போட்டு வைத்துவிட்டார். நான் அந்த ஆளை இருபது வருசமாக மைக்கில் ஓட்டியிருக்கிறேன், ஒரு அரிசி பெயர்ந்ததில்லை.

"அத்தாச்சி பேசுனா வெளங்குதுண்ணே" என்றான் டீக்கடைக்காரன், இவளைப் பற்றி என்னிடமே.

இன்றைக்குக் குழம்பில் உப்புக் கம்மி. சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மதினி வாங்கி ருசி பார்த்துவிட்டு, உப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரி மருந்தால் நாக்கு செத்திருக்கும் என்றது. இருக்கலாம்.

பிப்ரவரி 19, புதன்

நாளைக்கு ஆபரேசன். ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிகிறது.

கை பழகட்டும் என்று ஒரு அறிவிப்பு எழுதிப் பார்த்தேன். "நமது வார்டில் மைக் பிடித்து வந்த" என்று ஆரம்பித்தேன். "இன்று மாலை அன்னாரது இல்லத்தில் இருந்து" என்பது வரை நன்றாக வந்தது. அப்புறம் அடித்துவிட்டேன். தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை.

பஞ்சவர்ணம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. நான் பேனாவை மூடினால் தெரிந்துகொள்வாள்.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டியை எடுத்துவிட்டார்கள். டெஸ்ட் வர நாளாகும். இன்னும் பேசக் கூடாது. தொண்டையில் பனங்கிழங்கு நாரை விழுங்கினது போல இருக்கிறது.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் காதர் பாய் மைக்கைப் போட்டு, "மாப்ள வந்துட்டான்!" என்று கத்தினார். இருமாமல், திக்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.

பிப்ரவரி 26, புதன்

என் வீடு நாட்டு மருந்துக் கடை ஆகிவிட்டது. அதிமதுரம், சித்தரத்தை, கற்பூரவல்லி, தேன், நாட்டுக் கோழி முட்டை. தூய்மைப் பணியாளர் செண்பகவல்லி தெருவைக் கூட்டிவிட்டுப் போகும்போது தினமும் எட்டிப் பார்த்து, "கையத் தூக்கிக் காட்டுங்கண்ணே, நல்லாருக்கீங்களான்னு பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று நான் மைக்கில் கத்தினதற்கு நன்றிக்கடனாம். யாரும் பிரிக்கவில்லை, ஆனாலும் நான் கத்தினேனாம். முக்கு வீட்டுக் கஞ்சப் பிரபு ஒரு ஆரஞ்சு கொண்டுவந்தார். ஒன்றுதான். ஆனால் அதைத் துடைத்து, ரெண்டு கையாலும் கொடுத்தார்.

எனக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. நான்தான் அவர்களுக்கு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. சாயங்காலம் தூக்குவாளியில் பள்ளிவாசல் கஞ்சி கொண்டுவந்தார் காதர் பாய். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டிவிட்டு, தான் வாயில் வைக்கும் முன்னால் எனக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "பதமா, வழவழன்னு இருக்கு மாப்ள, தொண்டைக்கு எதமா எறங்கும். குடி." இறங்கியது. கடவுள்கள் இந்த விசயத்தில் எல்லாம் ஒரே சமையல்காரனைத்தான் வைத்திருப்பார்கள் போல.

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பொங்கல் கமிட்டிச் செயலாளர் வெள்ளைச்சாமி வந்தார். திண்டாட்டமாக நின்றார். "பொங்கலு ஏப்ரல் ரெண்டு, மூணு, நாலு. நோட்டீசுல தொகுத்து வழங்குபவர்னு பேரு போடணும். எப்பவும் ஒங்க பேருதான் போடுவோம். இந்த வருசம்..." அப்புறம் பஞ்சவர்ணம் அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, "அத்தாச்சியக் கேக்கலாமான்னு கமிட்டியில..." என்றார்.

டெஸ்ட் வரட்டும் என்று சிலேட்டில் எழுதினேன். நோட்டீசு அச்சாக நாள் ஆகும் என்றார். அழித்துவிட்டு, "டெஸ்ட் வரட்டும்" என்றே மறுபடி எழுதினேன்.

மார்ச் 10, திங்கள்

கெட்ட கட்டி இல்லை.

கெட்ட கட்டி இல்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

டாக்டரம்மா சொல்லும்போது பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள். சொன்னதும் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆளும் நகராமல் நின்று கொடுத்தார். அவருக்கும் நல்லதே வரட்டும்.

"ஆனா பெருசா இருந்துச்சுய்யா. சுத்தி இருந்த தசையையும் கொஞ்சம் எடுக்க வேண்டியதாப் போச்சு. மெதுவாப் பேசலாம். பழைய குரல் வராது. கத்தக் கூடாது, கூவக் கூடாது. மீறுனீங்கன்னா உள்ளதும் போயிரும்." அப்புறம் "இப்ப ஒரு வார்த்தை பேசுங்க, கேப்போம்" என்றார்.

ஒரு மாசத்துக்கும் மேலாக இதற்கு ஒரு வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். டாக்டரம்மா, உங்களிடம் மட்டும்தான் தோற்றேன், உங்களுக்கு வாய்க்கப் போகிற மாப்பிள்ளை பாவம் என்று. வாயைத் திறந்தால் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம் வந்தது. அதில் "நன்றி" என்று மட்டும் கேட்டது. டாக்டரம்மா சிரித்தார். "போதும். இன்னைக்கு இதுதான் கோட்டா."

வீட்டுக்கு வந்து பாயின் போனை வாங்கி, அதில் இருந்த என் பழைய குரலைக் கொஞ்ச நேரம் கேட்டேன். குறை தீர்க்கும் முகாம். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

வெள்ளைச்சாமி பஞ்சவர்ணத்திடமே கேட்டுவிட்டார். அவள் முடியாது என்றாள்.

"ஆட்டோவுல போறது வேற. பொங்க மேடை அவுக எடம். அங்க நான் போய் நிக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

வெள்ளைச்சாமி போன பிறகு அவள் அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, ஏனென்று தெரியவில்லை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, எதற்கோ, "நம்ம ஒயிலாட்டக்காரப் பயலுகளப் பத்தி ஒரு ஆளாவது நல்லாச் சொல்லணும். வெளியாளு வந்தா வெறும் பேர வாசிச்சிட்டுப் போயிருவாய்ங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "செண்பகவல்லி சனம் குப்பை நாடகம் ஒண்ணு பழகுதுக. அதுகள யாரு மேடைக்குக் கூப்புடப் போறா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அரிசியிடம் சொன்னாள்.

சிலேட்டை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு வாயால் சொன்னேன். "நீ நில்லு."

"இந்தா, கோட்டாவ வீணடிக்காதீங்க."

"நில்லுன்னா நில்லு."

அவள் முறத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீகளா, லந்தா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக லந்து இல்லை என்று ஒருத்தரிடம் தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரியில் குரலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று வண்டு மாதிரி ரீங்காரம் பண்ண வேண்டும். வீட்டில் நான் பண்ண, மதினி சுவரைத் தட்டி "மிக்சிய அமத்துங்க" என்கிறது.

பஞ்சவர்ணம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று "பெரியோர்களே, தாய்மார்களே" பழகுகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. அது என் வரி. "நீ எப்பவும் பேசுறாப்புல பேசு" என்றேன்.

காதர் பாய் ஒரு விசயம் கண்டுபிடித்துச் சொன்னார். "ஏன் மாப்ள, மைக்கு எதுக்கு இருக்கு? மெல்லப் பேசுனா ஏத்திக் குடுக்கத்தான? நீ இத்தன வருசமா அது வேலையவும் சேத்து நீயே பாத்திருக்க." அவருக்கு இதைச் சொல்ல இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. நான் இடைவெளி விட்டிருந்தால்தானே.

ஏப்ரல் 2, புதன்

பொங்கல் முதல் நாள். நல்ல கூட்டம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார்கள், மந்திரி மாதிரி. முன்வரிசையில் இருந்து பார்த்தால் மேடையில் ஒன்றும் தெரிவதில்லை, காலும் சேலைக் கரையும்தான்.

ஏப்ரல் 5, சனி

நேற்று மூன்றாம் நாள். மத்தியானம் மஞ்சத்தண்ணி, சாயங்காலம் நிறைவு நிகழ்ச்சி. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

முளைப்பாரிக் கும்மி, ஒயிலாட்டம் எல்லாம் முடிந்து தூய்மைப் பணியாளர்கள் நாடகம். செண்பகவல்லிதான் வாத்தியார். எங்கள் வார்டு ஆட்களையே பிடித்து நடித்துவிட்டார்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே பையில் கட்டி, ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுத்த வீட்டு வாசலில் வைப்பது, கேட்டால் "எங்க வீட்ல குப்பையே விழாது" என்பது. நடையைப் பார்த்தே இது இன்னார் என்று கூட்டம் கண்டுபிடித்துக் கத்தியது. கனியம்மா மதினியையும் விடவில்லை. இட்லித் துணியோடு ஒரு பொண்ணு வந்து நின்றதும் மதினி, "அடிப்பாவி, நாந்தானா!" என்று எழுந்தே நின்றுவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்குத் தொண்டை வலித்தது. சிரிப்பைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் பஞ்சவர்ணம் அவர்களைக் கீழே இறங்க விடவில்லை. ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி, எந்தத் தெருவைக் கூட்டுகிறார்கள் என்பதையும் சொல்லி, அந்தந்தத் தெரு ஆட்களை எழுந்து கைதட்டச் சொன்னாள். எல்லாத் தெருவும் எழுந்தது. நான் மேடையில் இத்தனை வருசம் நின்றிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

கடைசியில் நன்றியுரை. நன்றியுரை என்றாலே கூட்டம் எழுந்துவிடும், நாற்காலி மடக்குகிற சத்தத்தில்தான் நான் வருசா வருசம் கத்துவேன். பஞ்சவர்ணம் மைக்கோடு என் நாற்காலிக்கே இறங்கி வந்தாள். "நன்றி அவுக சொல்லுவாக" என்று கையில் கொடுத்துவிட்டாள். என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை.

எழுந்தேன். காதர் பாய் சத்தத்தை ஏற்றினார். "எல்லாருக்கும்" என்றேன். கேட் திறக்கிற சத்தம் ரெண்டு குழாயிலும் வந்தது. மடக்கின நாற்காலியை ஒருத்தன் திரும்ப விரித்தான். அப்புறம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கத்தாமல் பேசினால் இவ்வளவு அமைதியாக இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

லைட் போட்டவர்களுக்கும், சமையல் பண்டாரத்துக்கும், நாளைக் காலை இந்தத் திடலைக் கூட்டப் போகிறவர்களுக்கும் நன்றி சொன்னேன். தேனுக்கும் முட்டைக்கும் அந்த ஒரு ஆரஞ்சுக்கும் சொன்னேன். பள்ளிவாசல் கஞ்சிக்குச் சொன்னேன். "என்னை வாயை மூடச் சொன்ன டாக்டரம்மாவுக்கு உங்க எல்லார் சார்பாவும் நன்றி" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்புறம் பஞ்சவர்ணம் பக்கம் திரும்பினேன். "அடுத்ததா" என்றேன். மேலே வரவில்லை. தொண்டைதான். டாக்டரம்மா சொன்ன கோட்டா தீர்ந்திருக்கும். மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"பேரு மறந்துபோச்சா கொழுந்தனாரே?" என்று மதினி கத்தியது. கூட்டம் சிரித்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சவர்ணம்தான் என் கையில் இருந்து மைக்கை வாங்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நன்றியுரை முடிஞ்சிருச்சு. சாப்பாடு தயாரா இருக்கு. வயசானவுகளும் பிள்ளத்தாச்சிகளும் மொதப் பந்தியில உக்காருங்க" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் காப்பியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"முந்தாநா மேடையில என்னமோ சொல்ல வந்தீகளே, எனக்கு. அப்பிடி என்னத்தச் சொல்ல வந்தீக?"

காப்பியை ஆற்றினேன். "தொண்டை சரியில்ல."

"இப்ப நல்லாத்தான இருக்கு. இப்பச் சொல்லுங்க."

"அதெல்லாம் மேடையிலதான் சொல்லணும்."

"அதுக்கு?"

"அடுத்த வருசம் சொல்றேன்."

"இந்த லந்துக்கு ஒண்ணும் கொறச்ச இல்ல" என்றாள். சொல்லிவிட்டுப் போனவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"அடுத்த வருசம் கண்டிப்பாச் சொல்லணும்."

"கண்டிப்பா."